பெயருக்குப் பின்னால் ஒரு ‘எச்’: மாத்திரைகள் உடம்புக்குள் சந்திக்கும்போது

என் அத்தைக்கு 63 வயது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். பத்து வருடமாகத் தினமும் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அதைத் தவிர வேறு மருந்து எதுவும் கிடையாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில் முட்டி வலி தாங்காமல் கடைத்தெரு மெடிக்கலுக்குப் போய், “தம்பி, முட்டி வலிக்கு அஞ்சு நாளைக்கு ஒரு செட் குடுப்பா” என்று கேட்டு வாங்கிவந்தார். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு. வெயில் வேறு. ஆறாம் நாள் வாந்தி, கால் வீக்கம், சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தப் பரிசோதனையில் 3.8. அவருக்கு அது 1-ஐ ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும்.

சிறுநீரக டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: “வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?”

“இல்லீங்க டாக்டர், பிரஷர் மாத்திரை ஒண்ணுதான்.”

அத்தை பொய் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அவர் கணக்கில் அது மருந்து. கடையில் கேட்டு வாங்கும் செட், தைலம் மாதிரி, இஞ்சி மிட்டாய் மாதிரி ஒரு கடைச் சாமான். மறுநாள் அவர் மகன் வீட்டில் தேடி அந்தச் சின்னக் காகிதக் கவரை எடுத்துவந்தான். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத் துண்டுகள் அதில் மிச்சம் இருந்தன. ஒன்றில் பெயரின் கடைசி நாலு எழுத்து மட்டும். இன்னொன்றில் விலையும் பாதித் தேதியும். டாக்டர் அவற்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் ஒன்று டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, இன்னொன்று அல்சர் மாத்திரை என்று கண்டுபிடித்தார்.

டைக்ளோஃபினாக் ஒன்றும் விஷம் இல்லை. பிரஷர் மாத்திரையும் சரியான மாத்திரைதான். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் தவறான மருந்தைக் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் நம் ஊரில் பலருக்கும் பிடிபடாமல் போகும் இடம் இதுதான். ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு வாசலில் இருந்து வருகிறது. அவை எல்லாம் ஒன்றாகச் சந்திக்கும் இடம் சாப்பிடுகிறவரின் உடம்பு மட்டுமே. அதற்கு முன்னால் அத்தனையையும் ஒருசேரப் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை.

அத்தையின் பிரஷர் மாத்திரை டெல்மிசார்ட்டன். ஆனால் அட்டையில் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து, ‘எச்’ என்று இருந்தது. பத்து வருடத்தில் ஒரு நாளும் நாங்கள் அதைக் கவனித்ததில்லை. அந்த ஒற்றை எழுத்துக்கு அர்த்தம் ஹைட்ரோகுளோரோதயசைடு. உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து. டெல்மிசார்ட்டன் 40 மில்லிகிராமும் இது 12.5 மில்லிகிராமும் ஒரே மாத்திரைக்குள் இருந்தன. ஆக, ஒரு மாத்திரை என்று நாங்கள் நினைத்தது இரண்டு மருந்து. முட்டி வலி மாத்திரை மூன்றாவது.

இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது என்பது டெல்டாக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். வயலுக்குத் தண்ணீர் நுழைய ஒரு மடை, வெளியேற ஒரு மடை. நுழையும் மடை நன்றாகத் திறந்து, வெளியேறும் மடை கொஞ்சம் ஒடுங்கி இருந்தால்தான் வயலில் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இதே மாதிரி உள்ளே வரும் ரத்தக்குழாய் ஒன்று, வெளியே போகும் ரத்தக்குழாய் ஒன்று. நடுவில் அழுத்தம் நின்றால்தான் ரத்தம் வடிகட்டப்படும். உடம்பில் நீர் குறையும் நேரத்தில் உள்ளே வரும் குழாயை விரித்து வைத்துக் காப்பாற்றுவது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வெளியே போகும் குழாயை ஒடுக்கிப் பிடிப்பது ஆஞ்சியோடென்சின்.

வலி மாத்திரை புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது. முட்டியில் வலி குறைவதே அதனால்தான். ஆனால் மாத்திரைக்கு முட்டி எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. அங்கேயும் அது தடுக்கிறது, நுழையும் மடை ஒடுங்குகிறது. டெல்மிசார்ட்டன் ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுப்பதால் வெளியேறும் மடை திறந்துகொள்கிறது. நீர் பிரிக்கும் மருந்து வாய்க்காலிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. அதற்கு மேல் வெயிலும் வயிற்றுப்போக்கும். வடிகட்ட வேண்டிய இடத்தில் அழுத்தமே இல்லாமல் போய்விடுகிறது.

பிரிட்டனில் பிரஷர் மருந்து சாப்பிட்ட 4,87,372 பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. இந்த மூன்று வகை மருந்தும் சேர்ந்தபோது திடீர் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்த முதல் 30 நாளுக்குள் பார்த்தால் 82 சதவீதம் கூடுதல். வலி மாத்திரையோடு மற்ற இரண்டில் ஒன்று மட்டும் இருந்தபோது அந்த ஆய்வில் அப்படிக் கூடவில்லை. மூன்றும் சேர்ந்த எல்லோருக்கும் இப்படி ஆகும் என்பதில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஆகாது. ஆனால் வயதானவர்கள், சர்க்கரை இருப்பவர்கள், வாந்தி பேதியால் உடம்பு வற்றிப்போனவர்கள் விளிம்புக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். நம் ஊரில் முட்டி வலிக்கு செட் வாங்கிச் சாப்பிடுவதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

செட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில கடைகள் கொடுக்கும் செட்டில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். வலி, வீக்கம் எல்லாம் மந்திரம் போட்டது மாதிரி குறையும். ‘அந்தக் கடை மாத்திரைதான் எனக்குக் கேட்கும்’ என்று பெயர் வாங்குவதும் அதனால்தான். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் புண் உண்டாகி ரத்தம் கசியும் அபாயம் பல மடங்கு கூடும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையும் எகிறும். மலம் தார் மாதிரி கருப்பாகப் போனால் அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதுவரை சொன்னது மருந்துகள் ஒரே உறுப்பை ஒன்றுசேர்ந்து அடிக்கும் கதை. வேறொரு வகை உண்டு. அங்கே ஒரு மருந்து இன்னொன்றின் வெளியேறும் வழியை அடைத்துவிடும். நாம் சாப்பிடும் மாத்திரைகளில் பெரும்பகுதியை கல்லீரலில் இருக்கும் நொதிகள் (என்சைம்கள்) உடைத்துத்தான் வெளியே தள்ளுகின்றன. அந்த நொதியை இன்னொரு மருந்து முடக்கிவிட்டால், தினமும் ஒன்று என்று சாப்பிட்டாலும் முதல் மருந்து ரத்தத்தில் தேங்கிக்கொண்டே போகும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகம் உணர்ந்தது டெர்ஃபெனடின் மருந்தால். தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை என்று 1980-களில் கொண்டாடப்பட்டது. அமெரிக்காவில் 39 வயதுப் பெண் ஒருவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பூஞ்சைத் தொற்றுக்காகக் கீட்டோகொனசோலும் எடுத்துக்கொண்டார். இதயத்துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழுந்தார். 1990-இல் அவருடைய கதை மருத்துவ இதழில் வந்தது. கீட்டோகொனசோல் கல்லீரல் நொதியை முடக்க, டெர்ஃபெனடின் உடையாமல் தேங்கி இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்திருந்தது. கடைசியில் 1998-இல் அங்கே அந்த மருந்து சந்தையை விட்டே போனது.

டெர்ஃபெனடின் போய்விட்டது, ஆனால் அந்தக் கதவு இன்னும் அப்படியே இருக்கிறது. படர்தாமரைக்கு இன்று ஊரெல்லாம் இட்ராகொனசோல் மாத்திரை விற்கிறது. தொடை இடுக்கில் அரிப்பு என்று டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, கடையில் மெதுவாகச் சொல்லி வாங்குகிறவர்கள் ஏராளம். இது கீட்டோகொனசோலின் உறவுக்கார மருந்து, அதே நொதியை முடக்கும். வாங்குகிறவர் கொழுப்புக்காக சிம்வாஸ்டாட்டினோ அட்டோர்வாஸ்டாட்டினோ சாப்பிடுகிறவராக இருந்தால், அது தேங்கித் தசைகளைச் சிதைக்கலாம். சிதைந்த தசையின் கழிவு போய் அடைப்பது மறுபடியும் சிறுநீரகத்தை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி வலி, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போவது, இரண்டும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

என்னை மிகவும் உலுக்கியது ஜப்பானில் நடந்தது. 1993 செப்டம்பரில் அக்கி நோய்க்காக சொரிவுடின் என்ற புது மாத்திரை அங்கே விற்பனைக்கு வந்தது. சில வாரங்களுக்குள் குறைந்தது 15 பேர் இறந்துபோனார்கள். எல்லோரும் ஃப்ளூரோயுராசில் வகைப் புற்றுநோய் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சொரிவுடின் குடலில் மாறும்போது உண்டாகும் ஒரு பொருள், புற்றுநோய் மருந்தை உடைக்கும் நொதியை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்தது. மருந்து தேங்கி எலும்பு மஜ்ஜையை அழித்தது. இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமல் மறைப்பது அந்தக் காலத்து ஜப்பானில் பரவலான வழக்கம். தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவர், தோல் டாக்டரிடம் போய் “நான் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன்” என்று எப்படிச் சொல்வார்?

“அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்துடுங்க” என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடம் இன்றும் உண்டு. பாசத்தில்தான் கேட்கிறார்கள், எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த அப்பா நாளைக்குத் தனியாக இன்னொரு டாக்டரிடம் போனால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தேவையான ஒரே தகவல் அவரிடம் இருக்காது.

மறைப்பது நோயாளியின் பக்கமிருந்தும் நடக்கிறது. ஆண்மைக்கான மாத்திரை என்று கடையில் கிசுகிசுத்து வாங்கும் சில்டெனாஃபில், நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, இந்த இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். உயிரே போகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் நைட்ரேட் கூடாது, அதே வகை மாத்திரையான டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம். இரவில் நெஞ்சு வலி வந்து வீட்டில் இருக்கும் சொர்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரையை மனைவி பதறி எடுத்து வைப்பார், அவருக்கு மற்ற மாத்திரை பற்றித் தெரியாது. கூச்சம் பார்க்காமல் ஆம்புலன்ஸ்காரரிடமோ டாக்டரிடமோ அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுவது. இதற்கு எந்த வேதியியலும் தேவையில்லை, கூட்டல் தெரிந்தால் போதும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 நாலு வேளை என்றால் 2,600 மில்லிகிராம். கூடவே சளி மாத்திரை மூன்று வேளை. அதில் பல வகைகளில் பாராசிட்டமால் 500 இருக்கும், அது 1,500. முதுகு வலிக்கு அசிக்லோஃபினாக் கலந்த மாத்திரை இரண்டு வேளை. அதிலும் 325 பாராசிட்டமால், ஆக 650. கூட்டினால் 4,750. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4,000-ஐத் தாண்டக் கூடாது. மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் தினமும் குடிக்கிறவர்களுக்கும் பாதுகாப்பான அளவு அதைவிடக் குறைவு. கல்லீரல் கெடுவது முதல் ஒன்றிரண்டு நாள் வெளியே தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம்.

பிரஷர் மாத்திரையிலும் இதே கதை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நடக்க முடியாத முதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நேரில் பார்த்திருக்கிறேன். அதே முதியவரை மகன் லீவில் வரும்போது டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டுவார். அங்கே கம்பெனிப் பெயரில் ஒரு மாத்திரை எழுதுவார்கள். முதல் அட்டையில் அம்லோடிபின் என்றே இருக்கும், இரண்டாவதில் கம்பெனிப் பெயர் பெரிதாகவும் அம்லோடிபின் என்பது பொடி எழுத்திலும் இருக்கும். பெரியவர் இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிடுவார். தலைசுற்றிக் குளியலறையில் விழுந்தால் “வயசாயிடுச்சு” என்று சொல்லிவிடுவோம்.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ சாப்பிடுகிறவர்கள் எல்லோரையும் விட எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள். வலி மாத்திரை, பேதிக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்கான ஃப்ளூகொனசோல், எதுவும் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். கீரையையும் ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றக் கூடாது. எப்போதும் ஒரே அளவில் சாப்பிட வேண்டும்.

சில சேர்க்கைகள் ஆளைக் கவிழ்க்காது, மருந்தைத்தான் வீணாக்கும். தைராய்டு மாத்திரையோடு கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் ஏறாது, நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பாலோடு சாப்பிடக் கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. இது தெரியாமல் கர்ப்பமான பெண்கள் உண்டு.

நாட்டு மருந்தையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு மூலிகைக்கு நோயைக் குறைக்கும் சக்தி இருக்கிறது என்று நம்பினால், இன்னொரு மருந்தோடு மோதும் சக்தியும் அதற்கு இருக்கும் என்று ஒப்புக்கொள்வதுதான் நியாயம். அதிமதுரத்தைத் தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரையும் பொட்டாசியத்தைத்தான் இறக்குகிறது. இரண்டும் சேர்ந்து இறக்கினால் இதயம் தடுமாறும். பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போனாலும் ஆங்கில மருந்துகளின் பட்டியலைக் காட்ட வேண்டும்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் வருடத்து மருந்தியல் சட்டம் சொல்கிறது. ஒரே மாத்திரைக்குள் பொருந்தாத மருந்துகளைக் கலந்து விற்றதற்காக மத்திய அரசு 2016 மார்ச்சில் 344 கலவைகளையும், 2024 ஆகஸ்டில் 156 கலவைகளையும் தடை செய்தது. ஆனால் இரவு எட்டு மணிக்குக் காய்ச்சலோடு நிற்கிறவருக்கு, டாக்டர் ஃபீஸுக்குக் காசில்லாதவருக்கு, ஒரு நாள் கூலியை விட முடியாதவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மெடிக்கல் கடைதான். அவர்களைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. படித்த மருந்தாளுநர் கடையில் உண்மையிலேயே உட்கார்ந்திருப்பதும், அவர் “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று ஒரு கேள்வி கேட்பதும்தான் உயிரைக் காப்பாற்றும். அவர் கேட்காவிட்டால் நாம் சொல்ல வேண்டும்: எனக்கு பிரஷர் இருக்கிறது, இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன், கர்ப்பமாக இருக்கிறேன், கிட்னியில் கோளாறு என்று. வெட்டிய துண்டாக இல்லாமல் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் முழு அட்டையையும் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் இப்போது சாப்பிடும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு மாத்திரையையும் இதய மாத்திரையையும் திடீரென்று நிறுத்துவது, கலந்து சாப்பிடுவதை விட மோசமாக முடியலாம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது மாதிரி தெரிந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

அத்தைக்கு டயாலிசிஸ் தேவைப்படவில்லை. வலி மாத்திரையை நிறுத்தி, பிரஷர் மாத்திரையையும் டாக்டர் சொன்னபடி கொஞ்ச நாள் நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றியதில் மூன்று வாரத்தில் கிரியாட்டினின் 1.2-க்கு இறங்கியது. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சொன்னார், “அடுத்த தடவை வரும்போது வீட்டுல இருக்கிற அத்தனை மருந்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. டானிக், தைலம், லேகியம், எதையும் விடாதீங்க.” அத்தை ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றில் எடுத்துப் போனார். மேசையில் கொட்டியபோது பதினான்கு அட்டைகள், இரண்டு பாட்டில், ஒரு சூரண டப்பா. மூன்று அட்டைகள் காலாவதியானவை. இரண்டு, மாமா இறப்பதற்கு முன் சாப்பிட்ட இதய மாத்திரைகள். “வீணாப் போகுதேன்னு, படபடன்னு வர்றப்போ ஒண்ணு போட்டுக்குவேன்” என்றார் அத்தை. இத்தனை நாளில் அவர் இதைச் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.